கையடக்க பிளேயருக்குப் பாடல்களை ஒத்திசைத்தல்: கோப்புறைகளை ஒழுங்குபடுத்தும் முழுமையான வழிகாட்டி

கணினியில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த பாடல்களைக் கையடக்க பிளேயருக்கு மாற்ற நினைப்பவர்களில் பெரும்பாலானோர் மெமரி கார்டைச் செருகி, இருக்கும் கோப்புறைகளை அப்படியே இழுத்துப் போட்டுவிட்டு, பிளேயரின் திரையில் தெரியும் குழப்பத்தைப் பார்த்த பிறகு கார்டிலேயே பெயர் மாற்றத் தொடங்குகிறார்கள். அடுத்த முறை ஒத்திசைக்கும்போது கணினியில் பழைய பெயரும் கார்டில் புதிய பெயரும் இருப்பதால் ஒவ்வொரு பாடலும் இரண்டாகிவிடுகிறது.

இதைத் தவிர்க்கும் வரிசை இதுதான்: முதலில் டேக்குகள் (பாடல் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் தலைப்பு, பாடகர், ஆல்பம் போன்ற விவரங்கள்), அடுத்து அந்த டேக்குகளிலிருந்து உருவாகும் கோப்புப்பெயர்களும் கோப்புறைகளும், அதன்பின் பிளேயருக்கான நகல், கடைசியாக ஒத்திசைவு. திருத்தங்கள் எல்லாம் கணினியில் நடக்க வேண்டும். பிளேயரில் இருப்பது எப்போது வேண்டுமானாலும் அழித்து மறுபடி எழுதக்கூடிய நகலாக மட்டுமே இருக்க வேண்டும். கீழே சொல்லப்படும் படிகள் திரைப்பாடல்கள், கர்நாடகக் கச்சேரிகள், பக்திப் பாடல்கள் ஆகிய மூன்றும் கலந்திருக்கும் தொகுப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

1. தொடங்கும் முன் பிளேயரைப் பற்றி அறிய வேண்டியவை

முதலாவதாக, உங்கள் பிளேயர் பாடல்களை எப்படிக் காட்டுகிறது என்பதைப் பாருங்கள். சில பிளேயர்கள் கோப்புறைகளை மட்டுமே காட்டும். சில, டேக்குகளைப் படித்து ஆர்ட்டிஸ்ட், ஆல்பம் என்று பட்டியலிடும். பல, இரண்டையும் செய்யும். கோப்புறை மட்டும் காட்டும் பிளேயர் வைத்திருப்பவர் டேக்குகளைப் புறக்கணிக்கலாம் என்று நினைப்பது தவறு. நல்ல கோப்புப்பெயர்களை ஆயிரக்கணக்கில் உருவாக்குவதற்கு டேக்குகளைத் தவிர எளிய வழி கிடையாது.

இரண்டாவதாக, கணினியுடன் அது எப்படி இணைகிறது என்று பாருங்கள். யூஎஸ்பி சேமிப்பகமாக இணைந்தால் பென் டிரைவைப் போல ஓர் எழுத்துடன் தெரியும். எம்டிபி முறையில் இணைந்தால் சாதனத்தின் பெயர் மட்டும் தெரியும். ஆண்ட்ராய்டு போன்கள் இந்த வகையே. எம்டிபி வழியாக நகலெடுக்கும்போது கோப்பின் தேதி பெரும்பாலும் காப்பாற்றப்படுவதில்லை, ஒத்திசைவு மென்பொருளும் தடுமாறும். ஆகவே கார்டைக் கழற்ற முடியுமானால், கழற்றி, கார்டு ரீடரில் வைத்து வேலை செய்வதே நல்லது.

மூன்றாவதாக, எந்தக் கோப்பு வகைகளையும் எந்தக் கோப்பு முறைமையையும் (கார்டில் கோப்புகள் எழுதி வைக்கப்படும் முறை) பிளேயர் ஏற்கிறது என்பதைக் கையேட்டில் பாருங்கள். எம்பி3 எல்லாவற்றிலும் ஓடும். ஃபிளாக் (ஒலி இழப்பின்றிச் சுருக்கும் வகை), எம்4ஏ ஆகியவை பழைய, மலிவான பிளேயர்களில் ஓடாமல் போகலாம்.

நான்காவதாக, தமிழ் எழுத்து திரையில் சரியாகத் தெரிகிறதா என்று ஒரே ஒரு பாடலைக் கொண்டு சோதியுங்கள். இதன் விடை பின்னால் பெயரிடும் முறை முழுவதையும் தீர்மானிக்கும் என்பதால் இதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

மென்பொருள்களில் மூன்று வகை போதும். டேக்குகளைத் திருத்த எம்பி3டேக் அல்லது கிட்3, பெயர் தெரியாத பாடல்களை ஒலியைக் கொண்டே அடையாளம் காண மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட், ஒத்திசைக்க ஃப்ரீஃபைல்சிங்க். நான்குமே விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கின்றன.

2. எல்லாவற்றையும் ஒரே மூலத் தொகுப்பில் சேர்த்தல்

டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், பழைய பென் டிரைவ், போனிலிருந்து எடுத்தவை என்று சிதறிக் கிடக்கும் பாடல்களை முதலில் ஒரே கோப்புறைக்குள் கொண்டுவாருங்கள். அதற்குள் "வரவு" என்று ஒன்றும் "தொகுப்பு" என்று ஒன்றும் இருக்கட்டும். புதிதாக வரும் எதுவும் வரவில்தான் விழ வேண்டும். டேக் சரிசெய்யப்பட்ட பிறகே தொகுப்புக்குள் போக வேண்டும். இந்தத் தடுப்பு இல்லாத தொகுப்பு எத்தனை முறை சுத்தம் செய்தாலும் சில மாதங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

எதையும் திருத்துவதற்கு முன் இந்தக் கோப்புறை முழுவதையும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து வையுங்கள். டேக் மென்பொருள்கள் ஒரே சொடுக்கில் ஆயிரம் கோப்புகளை மாற்றக்கூடியவை. தவறான மாற்றத்தையும் அதே வேகத்தில் செய்துவிடும்.

3. டேக்குகளைச் சரிசெய்தல்

நேரத்தின் பெரும்பகுதி இந்தப் படியில்தான் செலவாகும், செலவாகவும் வேண்டும். பிளேயர் ஒரு பாடலை எங்கே காட்டுகிறது என்பது ஆறு டேக்குகளைப் பொறுத்தது: டைட்டில், ஆர்ட்டிஸ்ட், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், ஆல்பம், டிராக் எண், ஆண்டு. இரண்டு வட்டுகள் கொண்ட தொகுப்புகளுக்கு டிஸ்க் எண்ணும் சேரும்.

திரைப்பாடல்களில் பலர் தடுமாறும் இடம் ஆர்ட்டிஸ்ட் டேக். அதில் பாடகர்கள் பெயர் இருப்பதே முறை. ஆனால் ஒரு படத்தின் ஆறு பாடல்களை ஆறு வெவ்வேறு இணைகள் பாடியிருந்தால், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் காலியாக இருக்கும் நிலையில் பல பிளேயர்கள் அந்த ஒரு படத்தையே ஆறு ஆல்பங்களாகப் பிரித்துக் காட்டும். படத்தின் எல்லாப் பாடல்களுக்கும் ஆல்பம் ஆர்ட்டிஸ்டில் இசையமைப்பாளரின் பெயரை ஒரே மாதிரி எழுதினால் ஆறும் ஒன்றாகச் சேரும். ஆல்பத்தில் படத்தின் பெயர், ஆர்ட்டிஸ்டில் பாடகர்கள், ஆல்பம் ஆர்ட்டிஸ்டில் இசையமைப்பாளர் என்ற இந்த ஒரு விதியைத் தொகுப்பு முழுவதும் விலகாமல் பின்பற்றுங்கள். கம்போசர் என்று தனி டேக் இருக்கிறதே என்று கேட்கலாம். அதிலும் எழுதலாம், ஆனால் எளிய பிளேயர்கள் பல அதைப் படிப்பதே இல்லை.

பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில் ஒரு புள்ளிகூட முக்கியம். "எம்.எஸ்.விஸ்வநாதன்", "எம். எஸ். விஸ்வநாதன்", "எம் எஸ் வி" ஆகிய மூன்றும் பிளேயருக்கு மூன்று ஆட்கள். ஆங்கில எழுத்தில் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கடினம். இளையராஜாவின் பெயரே நான்கைந்து விதமான எழுத்துக்கூட்டலில் புழங்குகிறது. நீங்கள் பயன்படுத்தும் வடிவங்களை ஓர் உரைக்கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, எப்போதும் அதிலிருந்தே எடுத்து ஒட்டுங்கள். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் இணைந்து இசையமைத்த, 1965 வரையிலான படங்களுக்கு "விஸ்வநாதன் - ராமமூர்த்தி" என்பதை ஒரே பெயராக வைத்துக்கொள்வது நல்லது. இருவராகப் பிரித்தால் அந்தப் படங்கள் எந்தப் பக்கமும் முழுமையாகச் சேராது.

ஆண்டை விட்டுவிடாதீர்கள். 1980இல் வெளிவந்த பில்லாவுக்கும் 2007இல் வெளிவந்த பில்லாவுக்கும் ஆல்பம் பெயர் ஒன்றுதான். முதலாவதற்கு இசை எம்.எஸ்.விஸ்வநாதன், இரண்டாவதற்கு யுவன் சங்கர் ராஜா. ஆல்பம் பெயரை மட்டும் வைத்துப் பட்டியலிடும் பிளேயர் இரண்டையும் ஒரே ஆல்பமாக்கி, ஒன்றாம் பாடல்கள் இரண்டையும் அடுத்தடுத்து ஒலிக்கும். பழைய படத்தின் பெயரை மறுபடி சூட்டும் வழக்கம் தமிழில் அதிகம் என்பதால், அத்தகைய படங்களுக்கு ஆல்பம் டேக்கிலேயே "பில்லா 1980" என்று ஆண்டைச் சேர்த்துவிடுவது பாதுகாப்பானது.

இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் டைட்டில், ஆல்பம், கமெண்ட் என எல்லா இடங்களிலும் தளத்தின் பெயர் ஒட்டியிருக்கும். எம்பி3டேக்கில் எல்லாக் கோப்புகளையும் தேர்ந்தெடுத்து, அந்தச் சொல்லை வெற்றிடமாக மாற்றும் செயல் ஒன்றை உருவாக்கி ஓட்டினால் போதும். கமெண்ட் டேக்கை முழுவதும் அழித்துவிடலாம். அதனால் எந்த இழப்பும் இல்லை.

கச்சேரிப் பதிவுகளுக்கு விதி வேறு. அங்கே பாடகரோ வாத்தியக் கலைஞரோதான் மையம். ஆகவே ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், ஆர்ட்டிஸ்ட் இரண்டிலும் அவர் பெயரே இருக்கட்டும். கம்போசரில் தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி என வாக்கேயக்காரரின் பெயர் போகும். ஆல்பத்தில் இடமும் ஆண்டும் வரட்டும். டைட்டிலில் பாடலின் தொடக்கத்தை அடுத்து ராகத்தின் பெயரையும் எழுதுங்கள். ராகத்துக்கெனத் தனி டேக் உருவாக்கினாலும் பிளேயர் அதைக் காட்டாது. டிராக் எண் இங்கே மிக மிக முக்கியம். வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடியும் வரிசையை ஒருவர் யோசித்து அமைத்திருக்கிறார். எண் இல்லாவிட்டால் பிளேயர் அதை அகர வரிசையில் கலைத்துப்போடும்.

டிராக் எண்ணை 1, 2 என்று எழுதாமல் 01, 02 என்று எழுதும் பழக்கம் வையுங்கள். எண்ணை எழுத்தாக வரிசைப்படுத்தும் பிளேயர்களில் 1ஐ அடுத்து 10 வந்துவிடும்.

கடைசியாக, டேக்கின் பதிப்பு. எம்பி3 கோப்புகளில் ஐடி3 என்ற முறையில் டேக்குகள் எழுதப்படுகின்றன. அதன் முதல் பதிப்பில் தலைப்புக்கு 30 இடங்கள் மட்டுமே உண்டு. தமிழ் எழுத்துக்கு அதில் வழியே இல்லை. 2.3 பதிப்பு யூனிகோடை (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொதுக் குறியீட்டு முறை) ஏற்கிறது, கிட்டத்தட்ட எல்லாப் பிளேயர்களும் அதைப் படிக்கின்றன. 2.4 பதிப்பைப் படிக்கத் தெரியாத பழைய பிளேயர்கள் பல உண்டு. அவை கோப்பின் கடைசியில் இருக்கும் முதல் பதிப்பு டேக்கை எடுத்துக்கொண்டு, தமிழ்ப் பெயருக்குப் பதிலாகக் கேள்விக்குறிகளை வரிசையாகக் காட்டும். ஆகவே மென்பொருளின் அமைப்புகளில் 2.3ஐயும் யூனிகோடை எழுதும் வடிவமான யூடிஎஃப்-16ஐயும் தேர்ந்தெடுத்து, முதல் பதிப்பு டேக்கை நீக்கச் சொல்லி, எல்லாக் கோப்புகளையும் ஒரு முறை சேமித்துவிடுங்கள். ஃபிளாக் கோப்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் டேக்குகள் எப்போதும் யூடிஎஃப்-8தான்.

4. தமிழ் எழுத்தா, ஆங்கில எழுத்தா

முதல் படியில் நான்காவதாகச் செய்த சோதனையின் விடை இங்கே பயன்படும். தமிழ் எழுத்துரு இல்லாத பிளேயரில் கட்டங்கள் மட்டும் தெரியும். எழுத்துரு இருந்தும் எழுத்துகளைக் கோக்கத் தெரியாத பிளேயரில் கொம்பு இடம் மாறும். "கெ" என்பதில் மெய்க்கு முன்னால் வர வேண்டிய கொம்பு அதற்குப் பின்னால் போய் நிற்கும். அப்படிப்பட்ட பிளேயருக்கு ஆங்கில எழுத்தில் பெயரிடுவதே நல்லது. ஒரே தொகுப்பில் பாதி தமிழிலும் பாதி ஆங்கில எழுத்திலும் இருந்தால் ஒவ்வொரு இசையமைப்பாளரும் பட்டியலில் இரண்டு இடங்களில் வருவார். எதைத் தேர்ந்தாலும் முழுமையாக அதிலேயே நில்லுங்கள்.

தமிழைத் தேர்ந்தவர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. யூனிகோடில் "கொ" என்பதை, ககரத்தை அடுத்து ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பிளேயருக்கும் ஒத்திசைவு மென்பொருளுக்கும் இரண்டும் வெவ்வேறாகத் தெரியலாம். மேக் கணினியின் பழைய கோப்பு முறைமை பெயர்களை இரண்டாவது வடிவத்துக்கு மாற்றிச் சேமிப்பதால், மேக்கிலும் விண்டோஸிலும் மாறி மாறி வேலை செய்பவர்களுக்கு ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் தோன்றுவது இதனால்தான்.

பக்திப் பாடல்களில் இதே சிக்கல் "ஸ்ரீ" என்ற எழுத்தில் வரும். அதைத் தட்டச்சுப் பலகையைப் பொறுத்து இரண்டு விதமான குறியீடுகளில் எழுத முடியும்; 2005இல் யூனிகோடில் "ஶ" சேர்க்கப்பட்ட பிறகு இந்த இரட்டை வழக்கு வந்தது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். உங்கள் தொகுப்பில் ஸ்ரீயில் தொடங்கும் ஆல்பங்கள் இரண்டு கூட்டங்களாகப் பிரிந்து நின்றால், ஒரு வடிவத்தைத் தேடி மற்றொன்றாக மாற்றும் செயலை ஓட்டுங்கள்.

வரிசை பற்றியும் ஒரு சொல். எளிய பிளேயர்கள் தமிழ் நெடுங்கணக்கைப் பின்பற்றுவதில்லை. யூனிகோடு எண்ணின் வரிசையையே பின்பற்றுகின்றன. அதனால் ஜகரத்தில் தொடங்கும் பெயர்கள் சகரத்தை அடுத்தே வந்துவிடும், ழகரமும் ளகரமும் வகரத்துக்கு முன்னால் நிற்கும். இதைச் சரிசெய்ய முயல வேண்டாம். எங்கே தேடுவது என்று தெரிந்திருந்தால் போதும்.

5. டேக்கிலிருந்து கோப்புப்பெயரும் கோப்புறையும்

டேக்குகள் சரியான பிறகு கோப்புறைகளைக் கையால் உருவாக்கத் தேவையில்லை. எம்பி3டேக்கில் டேக்கிலிருந்து கோப்புப்பெயர் என்ற வசதியில் அமைப்பை ஒரு முறை எழுதிக் கொடுத்தால், அதுவே கோப்புறைகளை உருவாக்கி, பாடல்களை அவற்றுக்குள் நகர்த்தும். திரைப்பாடல்களுக்கு நான் பரிந்துரைக்கும் அமைப்பு மூன்று அடுக்குகள் கொண்டது: ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், அதற்குள் ஆண்டும் ஆல்பமும், அதற்குள் டிராக் எண்ணும் தலைப்பும். எடுத்துக்காட்டாக "எம்.எஸ்.விஸ்வநாதன்" என்ற கோப்புறைக்குள் "1980 - பில்லா 1980", அதற்குள் "01" என்று தொடங்கும் கோப்புகள். ஆண்டை முன்னால் வைப்பதால் ஓர் இசையமைப்பாளரின் படங்கள் காலவரிசையில் நிற்கும்.

மேல் அடுக்கில் "திரை", "கச்சேரி", "பக்தி" என்று மூன்று கோப்புறைகள் வைப்பது நல்ல பிரிப்பு, ஏனெனில் ஒரு பாடல் இவற்றில் ஒன்றுக்கு மட்டுமே உரியது. காதல், சோகம், பயணம் என்று மனநிலையைக் கொண்டு கோப்புறை அமைப்பது நிலைக்காது. ஒரே பாடல் இரண்டுக்கும் பொருந்தும்போது இரண்டு நகல் வைக்கத் தோன்றும், அதன்பின் எதைத் திருத்தினோம் என்பதே தெரியாமல் போகும். மனநிலைக்கு உரியது பிளேலிஸ்ட்.

பாடகர் ஒருவரின் "ஹிட்ஸ்" என்ற பெயரில் இருக்கும் தொகுப்புகளையும் கலைத்து, அந்தந்தப் படத்தின் கோப்புறைக்கு அனுப்பிவிடுங்கள். தொகுப்பின் வரிசை பிடித்திருந்தால் கலைக்கும் முன் அதைப் பிளேலிஸ்டாகக் குறித்துக்கொள்ளலாம்.

பெயர்களில் வரக் கூடாத குறிகள் உண்டு. கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக் குறி, இரட்டை மேற்கோள், சாய்கோடுகள், நேர்கோடு, கோண அடைப்புகள் ஆகியவற்றை விண்டோஸும் மெமரி கார்டின் கோப்பு முறைமைகளும் ஏற்பதில்லை. லினக்ஸிலும் மேக்கிலும் இவற்றில் பல அனுமதிக்கப்படுவதால் கணினியில் சிக்கலின்றி இருக்கும் கோப்பு கார்டுக்குப் போகும்போது மட்டும் பிழை காட்டும். தமிழ்ப் பெயர்களில் அடிக்கடி நேர்வது கடைசிப் புள்ளி. "எஸ்.பி.பி." என்று கோப்புறைக்குப் பெயரிட்டால் விண்டோஸ் இறுதிப் புள்ளியைத் தானாக நீக்கிவிடும், ஒத்திசைவு மென்பொருளுக்கு மூலமும் நகலும் வெவ்வேறு பெயர்களாகத் தெரியும். புள்ளியில் முடியும் பெயர்களைத் தவிர்த்து முழுப் பெயரை எழுதுங்கள்.

பெயர்களைச் சுருக்கமாகவும் வையுங்கள். விண்டோஸில் கோப்புறைகள் உள்ளிட்ட முழுப் பாதைக்கும் வழக்கமான வரம்பு 260 எழுத்து அலகுகள். தமிழில் "கி" என்பதே ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு அலகுகள் ஆவதால், நாம் எண்ணுவதைவிட விரைவில் வரம்பை எட்டிவிடுவோம். பாடகர்கள் பெயரைக் கோப்புப்பெயரில் சேர்க்காததற்கு இதுவே காரணம். அது டேக்கில் இருக்கிறது.

6. அட்டைப் படம்

ஒவ்வொரு பாடலுக்குள்ளும் 2 எம்பி அளவுள்ள படத்தைப் பதித்தால் ஆயிரம் பாடல்களில் 2 ஜிபி படத்துக்கே போய்விடும். பிளேயரும் ஒவ்வொரு பாடலைத் தொடங்கும்போதும் சற்றுத் தயங்கும். 500க்கு 500 பிக்சல் அளவுள்ள ஜேபெக் படம் சிறிய திரைக்குத் தாராளம். ஜேபெக்கில் புரோகிரெசிவ் என்ற வகையைப் பல பிளேயர்களால் காட்ட முடியாது. படம் பதித்தும் திரையில் வரவில்லை என்றால் அந்தப் படத்தைச் சாதாரண ஜேபெக்காக மறுபடி சேமித்துப் பாருங்கள்.

7. இடத்தைக் கணக்கிட்டு, பிளேயருக்கான நகலை உருவாக்குதல்

320 கேபிபிஎஸ் (விநாடிக்கு 320 கிலோபிட்) தரத்தில் உள்ள எம்பி3 நிமிடத்துக்கு 2.4 எம்பி எடுக்கும். ஐந்து நிமிடப் பாடல் 12 எம்பி. 32 ஜிபி கார்டில் பத்தில் ஒரு பங்கைக் காலியாக விட்டால் ஏறத்தாழ 2,400 பாடல்கள் கொள்ளும். சுருக்கப்படாத சிடி ஒலி நிமிடத்துக்கு 10.6 எம்பி. ஃபிளாக் அதை ஏறக்குறைய பாதியளவுக்குக் குறைக்கும், எவ்வளவு என்பது இசையைப் பொறுத்தது.

மூலத்தில் ஃபிளாக் வைத்திருந்து பிளேயரில் இடம் குறைவாக இருந்தால், மூலத்தைத் தொடாமல் "பிளேயர்" என்ற தனிக் கோப்புறைக்குள் அதே அமைப்பில் எம்பி3 நகலை உருவாக்குங்கள். ஒத்திசைவு இந்தக் கோப்புறைக்கும் கார்டுக்கும் இடையில்தான் நடக்க வேண்டும். ஏற்கெனவே 128 கேபிபிஎஸ் தரத்தில் உள்ள எம்பி3யை 320க்கு மாற்றுவதால் இழந்த ஒலி திரும்பாது. கோப்பு மட்டும் பெருக்கும்.

கச்சேரி கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராகம், தானம், பல்லவி ஆகியவை மூன்று தனிக் கோப்புகளாக இருந்தால், எம்பி3யில் ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் சேரும் சிறு மௌனத்தால் தானம் தொடங்கும் இடத்தில் ஓர் அறுபடல் கேட்கும். அந்த மௌனத்தைக் கணக்கிட்டு நீக்கும் பிளேயர்கள் உண்டு. உங்களுடையது நீக்காவிட்டால் இத்தகைய பகுதிகளை ஃபிளாக்காகவே வையுங்கள், அல்லது எம்பி3 ஆக்கும் முன் மூன்றையும் ஒரே கோப்பாக இணையுங்கள்.

8. மெமரி கார்டைத் தயார்செய்தல்

புதிய கார்டை முதலில் சோதியுங்கள். உறையில் எழுதியிருக்கும் கொள்ளளவு உள்ளே இல்லாத போலிக் கார்டுகள் சந்தையில் உண்டு. அவை நிறைந்த பிறகும் பிழை காட்டாமல் எழுதிக்கொண்டே போகும். பாடல்கள் மட்டும் பாதியில் நிற்கும், அல்லது ஓடவே ஓடாது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 ஆகியவை கார்டு முழுவதும் எழுதித் திரும்பப் படித்து உண்மையைச் சொல்லும். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் பாடல்களை ஏற்றிய பிறகு செய்ய முடியாது.

32 ஜிபி வரையிலான கார்டுகள் ஃபேட்32 முறைமையிலும், அதற்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபேட் முறைமையிலும் விற்கப்படுகின்றன. 64 ஜிபி கார்டைப் பிளேயர் அடையாளம் காணவில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பல நேரங்களில் குறை கார்டில் இருப்பதில்லை, அந்தப் பிளேயருக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது என்பதே காரணம். அதை ஃபேட்32ஆக ஃபார்மேட் செய்தால் பல பிளேயர்கள் ஏற்கும். விண்டோஸின் ஃபார்மேட் சாளரம் நெடுங்காலமாக 32 ஜிபிக்கு மேல் இந்த வாய்ப்பைத் தராததால் அதற்கெனத் தனி மென்பொருள் தேவைப்படலாம். ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. பாடல்களுக்கு இது ஒரு தடையே இல்லை.

9. ஒத்திசைத்தல்

ஃப்ரீஃபைல்சிங்கில் இடப்பக்கம் கணினியின் கோப்புறையையும் வலப்பக்கம் கார்டின் கோப்புறையையும் கொடுத்து, மிரர் முறையைத் தேர்ந்தெடுங்கள். இடப்பக்கத்தில் இருப்பது அப்படியே வலப்பக்கத்துக்குப் போகும். இடப்பக்கத்தில் இல்லாதது வலப்பக்கத்தில் அழிக்கப்படும். இருவழி ஒத்திசைவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பிளேயரில் கைதவறி அழிந்த பாடல் கணினியிலும் அழிவதற்கு அது வழிவிடும்.

மிரர் முறை அழிக்கும் தன்மை உடையது என்பதால் இரண்டு எச்சரிக்கைகள். கார்டின் முதன்மை இடத்தைக் கொடுக்காமல் அதற்குள் "இசை" என்று ஒரு கோப்புறை உருவாக்கி அதை மட்டும் கொடுங்கள். இல்லாவிட்டால் பிளேயர் தனக்கென எழுதி வைத்திருக்கும் அமைப்புக் கோப்புகளும் நீங்கள் பதிவுசெய்த குரல் பதிவுகளும் போய்விடும். அடுத்து, ஒப்பிடு என்ற பொத்தானை அழுத்திய பிறகு எத்தனை கோப்புகள் அழிக்கப்படப் போகின்றன என்ற எண்ணைப் படியுங்கள். நான்கு படங்களைச் சேர்த்த நாளில் நூற்றுக்கணக்கில் அழிப்பு காட்டினால், பக்கங்களை மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள் அல்லது ஒரு கோப்புறையின் பெயரை மாற்றியிருக்கிறீர்கள். காரணம் தெரியும் வரை தொடர வேண்டாம்.

எதையும் மாற்றாதபோதும் எல்லாப் பாடல்களும் மறுபடி நகலாகின்றன என்றால் காரணம் நேரம். ஃபேட்32 கோப்பின் நேரத்தை 2 விநாடித் துல்லியத்தில்தான் குறிக்கிறது. கணினி அதைவிட நுணுக்கமாகக் குறிக்கிறது. ஒத்திசைவு மென்பொருளின் அமைப்புகளில் 2 விநாடி வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

மேக்கிலிருந்து நகலெடுப்பவர்களின் கார்டில், புள்ளியும் அடிக்கோடும் முன்னால் கொண்ட சிறு கோப்புகள் ஒவ்வொரு பாடலுக்கும் ஒன்றாகச் சேரும். பிளேயர் இவற்றைப் பாடல் என்று எண்ணிப் பட்டியலில் காட்டும், தொட்டால் ஓடாது. டெர்மினலில் உள்ள டாட் கிளீன் கட்டளையைக் கார்டின் மேல் ஓட்டி அவற்றை நீக்கிய பிறகு கார்டை வெளியே எடுங்கள்.

10. பிளேயரில் வரிசை தவறினால்

எண்களெல்லாம் சரியாக இருந்தும் 01ஐ அடுத்து 07 ஒலிக்கிறது என்ற குழப்பம் மலிவான பிளேயர்களிலும் கார் ஸ்டீரியோக்களிலும் வரும். அவை பெயரைப் பார்ப்பதே இல்லை. கார்டில் கோப்புகள் எந்த வரிசையில் எழுதப்பட்டனவோ அந்த வரிசையில் ஒலிக்கின்றன. கணினியின் சாளரம் பெயர்வாரியாகக் காட்டுவதால் இந்த உண்மை நமக்குத் தெரிவதில்லை. ஃபேட்சார்ட், டிரைவ்சார்ட் போன்ற மென்பொருள்கள் கார்டின் பட்டியலையே பெயர்வாரியாகத் திருத்தி எழுதும். ஒவ்வொரு ஒத்திசைவுக்குப் பிறகும் இதை ஓட்ட வேண்டும், ஏனெனில் புதிதாகச் சேரும் பாடல் பட்டியலின் கடைசியிலோ அழிந்த ஒன்றின் இடத்திலோ போய் உட்காரும்.

11. பிளேலிஸ்டுகள்

பிளேலிஸ்ட் என்பது பாடல்களின் பாதைகளை வரிக்கு ஒன்றாக எழுதிய உரைக்கோப்பு மட்டுமே. கணினியில் உருவாக்கியது பிளேயரில் வெறுமையாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம், அதில் கணினியின் டிரைவ் எழுத்தோடு முழுப் பாதை எழுதப்பட்டிருப்பது. மென்பொருளில் சார்புப் பாதையை (டிரைவ் எழுத்து இல்லாமல், பிளேலிஸ்ட் இருக்கும் இடத்திலிருந்து தொடங்கும் பாதை) தேர்ந்தெடுத்து, கார்டின் "இசை"யுடன் ஒத்திசைக்கும் கணினிக் கோப்புறைக்குள்ளேயே பிளேலிஸ்டைச் சேமியுங்கள்; அப்போது பாதை எங்கே போனாலும் பொருந்தும்.

தமிழ்ப் பெயர்கள் இருந்தால் எம்3யூ8 வடிவமே வேண்டும், அது யூடிஎஃப்-8இல் எழுதப்படுகிறது. சில பிளேயர்கள் எம்3யூ என்ற பின்னொட்டை மட்டுமே அறியும். அவற்றில் தமிழ்ப் பெயருள்ள பிளேலிஸ்ட் வேலை செய்யாமல் போகலாம். அந்த நிலையில் கோப்புப்பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்து, டேக்குகளைத் தமிழில் விடலாம். கோப்புப்பெயர்களை மாற்றினால் பழைய பிளேலிஸ்டுகள் எல்லாம் உடையும் என்பதால், ஐந்தாம் படி முழுதும் முடிந்த பிறகே இதற்கு வாருங்கள்.

12. கார்டை எடுத்த பிறகு

கணினியில் வெளியேற்று என்று கொடுத்து, அனுமதி வந்த பிறகே கார்டை எடுங்கள். நகல் முடிந்ததாகச் சாளரம் காட்டினாலும் கடைசிச் சில கோப்புகள் இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கலாம். அவசரத்தில் இழுத்தால் அந்தக் கோப்புகளோடு கார்டின் பட்டியலே சிதைய வாய்ப்புண்டு.

டேக் வழியாகப் பட்டியலிடும் பிளேயர் முதன்முறை இயங்கும்போது எல்லாப் பாடல்களையும் படித்துத் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கும். ஆயிரக்கணக்கான பாடல்கள் இருந்தால் இதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம். நடுவில் அணைத்துவிட்டு "பாதிப் பாடல்கள்தான் வந்தன" என்று மறுபடி ஒத்திசைக்கத் தொடங்காதீர்கள். பின்னாளில் டேக்கைத் திருத்தியும் பழைய பெயரே தெரிந்தால், பிளேயரின் அமைப்புகளில் தரவுத்தளத்தைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

சோதனைக்கு மூன்று ஆல்பங்களைத் திறந்து பாருங்கள்: பல பாடகர்கள் பாடிய படம் ஒன்று, ஒரே பெயரில் இரண்டு முறை வந்த படம் ஒன்று, பத்துக்கு மேல் டிராக்குகள் உள்ள கச்சேரி ஒன்று. முதலாவது பல ஆல்பங்களாகப் பிரிந்திருந்தால் ஆல்பம் ஆர்ட்டிஸ்டிலும், இரண்டாவது கலந்திருந்தால் ஆல்பம் பெயரிலும், மூன்றாவது வரிசை மாறியிருந்தால் டிராக் எண்ணிலும் அல்லது பத்தாம் படியிலும் பிழையைத் தேடுங்கள். கண்டுபிடித்ததைக் கணினியின் தொகுப்பில் திருத்தி, மறுபடி ஒப்பிடுங்கள். மாறிய சில கோப்புகள் மட்டுமே இந்த முறை நகலாகும்.